சின்னவள் காரின் ஆயில்

ஆய்வகத்தில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் பிபிஎம். பத்து லட்சம் பங்கு எண்ணெயில் எத்தனை பங்கு இரும்பு, எத்தனை பங்கு செம்பு கலந்திருக்கிறது என்று சொல்லும் அளவுக்குத்தான் பிபிஎம் என்று பெயர். அவள் வாயில் அந்தச் சொல் நாள் முழுக்கப் புரண்டுகொண்டே இருந்ததால் கடைசியில் அவள் மேலேயே ஒட்டிக்கொண்டது.

பஸ், லாரி, ஜெனரேட்டர், கிரேன் என்று எதெதிலோ ஓடிக் கறுத்துப்போன எஞ்சின் ஆயில் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் புட்டிகளில் அவள் மேசைக்கு வரும். அதைக் குலுக்கி, கரைத்து, ஊசிபோன்ற குழாய் வழியாக இயந்திரத்துக்குள் அனுப்புவாள். உள்ளே ஒரு நீலச் சுடர் எரியும். இரண்டே நிமிஷத்தில் திரையில் எண்கள் வந்து நிற்கும். கண்ணால் பார்த்தே இராத ஒரு எஞ்சினைப் பற்றி, "இதுக்கு பேரிங் போகப்போகுது, ரெண்டு மாசம் தாங்கினா பெரிசு" என்பாள். பெரும்பாலும் அப்படியேதான் நடக்கும். எண் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் வண்டிக்காரருக்கு அன்றைக்கே போன் போகவேண்டும் என்பது அங்கே விதி. பத்தொன்பது வருஷத்தில் ஒரு போனைக்கூட அவள் மறுநாளுக்குத் தள்ளியதில்லை.

வீட்டில் அவளுக்குப் பெயர் பெரியவள், மூத்த மகனைக் கட்டியவள் என்பதால். இளைய மகனைக் கட்டியவள் சின்னவள். கீழ்த் தளத்தில் பெரியவள் குடித்தனம், மேல் தளத்தில் சின்னவள் குடித்தனம். மாமியார் மாதத்தில் பதினைந்து நாள் கீழே, பதினைந்து நாள் மேலே இருப்பதாக ஏற்பாடு. மேலே போனால் பதினைந்து பதினெட்டாகும். கீழே வந்தால் பன்னிரண்டிலேயே, "மேல மாத்திரைய வச்சிட்டு வந்துட்டேன்" என்று படியேறிவிடுவார். பெரியவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எண்ணாமல் விட்டதும் இல்லை.

சின்னவளுக்குக் காது கேட்கும் கருவி பொருத்துகிற வேலை. ஊர் ஊராகப் போகவேண்டும். போகிற இடத்திலெல்லாம் வயசானவர்கள் அவளைப் பிடித்துவைத்துக்கொண்டு கதை பேசுவார்கள். எவரிடமும் ஒட்டிக்கொள்கிற சுபாவம். பெரியவளோ யாராவது வணக்கம் சொன்னால்கூட இது எதற்கு என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

பெரியவள் கார் வாங்க இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டாள். எந்த எஞ்சினில் சங்கிலி, எதில் பெல்ட், எதன் ஆயில் எத்தனை கிலோமீட்டரில் கெடுகிறது என்று ஒரு நோட்டு நிறைய எழுதினாள். கடைசியில் ஒரு சாம்பல் நிறக் காரைத் தேர்ந்தெடுத்து வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது, வாழ்க்கையில் முதல்முறையாக அந்தத் தெருவே தன்னைத் திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

அந்தச் சந்தோஷம் பதினோரு நாள்தான் நீடித்தது. பன்னிரண்டாம் நாள் பக்கத்தில் இன்னொரு கார் வந்து நின்றது. அதே கார், அதே சாம்பல் நிறம். ஆனால் எல்லா வசதியும் சேர்ந்த உயர்ந்த ரகம், கூரையில் திறந்து மூடும் கண்ணாடி வேறு.

"நீங்க இவ்ளோ பாத்துப் பாத்து வாங்கினதுக்கு அப்புறம் நாங்க எதுக்குக்கா மண்டைய உடைச்சுக்கணும்? கண்ண மூடிக்கிட்டு இதையே புக் பண்ணிட்டோம்" என்றாள் சின்னவள், சாவியை ஆட்டிக்கொண்டே.

"நல்லதும்மா" என்றாள் பெரியவள். வயிற்றுக்குள் யாரோ தீக்குச்சி கிழித்ததுபோல் இருந்தது. தன் இரண்டு வருஷத்தை இவள் ஒரே மத்தியானத்தில் எடுத்துக்கொண்டு போய்விட்டாளே!

மாமியார் சின்னவள் காரில்தான் முதலில் ஏறினார். பெரியவள் காரில் ஏற வந்த அன்றைக்கு, "அத்தை, செருப்ப கொஞ்சம் தட்டிட்டு ஏறுங்க" என்று அவள் சொல்லிவிட்டாள். "இருக்கட்டும்மா, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று போனவர் போனவர்தான்.

ஆனால் ஒரு விஷயத்தில் தன்னை யாரும் மிஞ்ச முடியாது என்று பெரியவளுக்குத் தெரியும். ஆயிரம் கிலோமீட்டர் முடிந்ததும் காரை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய் ஆயிலை மாற்றச் சொன்னாள்.

"மேடம், புத்தகத்துல பத்தாயிரம்னு போட்டிருக்கே. ஆயிரத்துல யாரும் மாத்தறதில்லையே" என்றார் அங்கிருந்த சூப்பர்வைசர்.

"புது எஞ்சின்ல ரிங்கும் சிலிண்டரும் ஒண்ணோட ஒண்ணு உரசித்தான் படியும். உரசின தூளெல்லாம் ஆயில்லதான் மிதக்கும். பெரிய தூள ஃபில்டர் பிடிச்சுக்கும், பொடித்தூள் சுத்திக்கிட்டே இருக்கும். நான் இந்த வண்டிய இருபது வருஷம் வச்சுக்கப்போறேன். நீங்க கழட்டுங்க."

கழற்றிய ஆயிலில் ஒரு புட்டி பிடித்து வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். ஜிகினா தூவியதுபோல் மின்னியது. ஆய்வகத்தில் ஓட்டிப் பார்த்ததில் இரும்பு அறுபத்து நான்கு. "பாத்தீங்களா!" என்று ஆய்வகத் தலைவரிடம் நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "நல்லதுதான். ஆனா பத்தாயிரத்துல மாத்தறவன் வண்டியும் ஓடிக்கிட்டுதாம்மா இருக்கு" என்றார். அவருக்கு எதையும் முழுசாகப் பாராட்டத் தெரியாது என்று நினைத்துக்கொண்டாள்.

விஷயம் மாடிக்கும் எட்டியது. அடுத்த வாரமே சின்னவள் படியில் வழிமறித்தாள்.

"அக்கா, நீங்க ஆயிரத்துலயே ஆயில் மாத்திட்டீங்களாமே? என் வண்டி ஆயிரத்தைத் தாண்டி நாளாச்சு. நானும் மாத்தணுமா?"

பெரியவள் கைப்பையில் எதையோ தேடினாள். தேட ஒன்றும் இல்லை.

"புத்தகத்துல பத்தாயிரம்னுதானே இருக்கு? அதுபடியே செய்."

அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஆனாலும் படியிறங்கும்போது கால் கொஞ்சம் வேகமாகத்தான் இறங்கியது. என் எஞ்சின் இருபது வருஷம் ஓடும், இவளுடையது எட்டாவது வருஷம் புகை கக்கும், அன்றைக்கு மாமியாரும் மகன்களும் வாசலில் நின்று பார்க்கட்டும் என்று ஒரு படம் அவள் மனசில் ஓட ஆரம்பித்தது. அந்தப் படத்தை அவள் பலமுறை ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் புகை கொஞ்சம் கூடுதலாக வந்தது.

எட்டு வருஷம் காத்திருக்கப் பொறுமை வேண்டுமே. சின்னவள் கார் ஐயாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியதும் பெரியவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியூர் போய்வந்த சின்னவள் காரை நிறுத்திவிட்டு மேலே போனாள். பானெட் இன்னும் சூடாக இருந்தது. காரைத் துடைக்க வரும் பையனுக்காகச் சின்னவள் சாவியைக் கீழ்வீட்டு ஜன்னலில்தான் எப்போதும் வைத்துவிட்டுப் போவாள். பெரியவள் பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிவிட்டு, அந்தத் துவாரத்தில் மெல்லிய குழாயை விட்டு ஊசிக்குழலால் உறிஞ்சினாள். புட்டி பாதி நிறைந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்ன அண்ணி பண்றீங்க?" கொழுந்தன். கையில் குப்பைக் கூடை.

"ஆயில் லெவல் பாத்தேன். உன் பொண்டாட்டி எங்க இதெல்லாம் பாக்கப்போறா" என்றாள், நாக்குப் பிறழாமல்.

பத்து நிமிஷத்தில் சின்னவள் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, "அக்கா! என் வண்டியையும் நீங்களே பாத்துக்கறீங்களாமே, எனக்கு என்ன கவலை!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். பெரியவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள்.

மறுநாள் புட்டியில் 'சி' என்று மட்டும் எழுதி இயந்திரத்தில் ஓட்டினாள். இரும்பு கொஞ்சம் கூடுதல். ஆயில் மாற்றாத வண்டி என்பதால் அவள் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது அதற்குக் கீழே இருந்தது. சிலிக்கான் ஐம்பத்தெட்டு, சிவப்புக் கோட்டுக்கு மேலே. அலுமினியமும் ஏறியிருந்தது.

சிலிக்கான் என்றால் மண். எஞ்சினுக்குள் காற்றோடு தூசி போகிறது; வடிகட்டி எங்கேயோ சரியாக மூடவில்லை. தூசி ஆயிலில் கலந்து உப்புத்தாள்போல் உள்ளேயே அரைக்கும். பெரியவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். புது எஞ்சினில் மூட்டுகளுக்குத் தடவும் பசையிலிருந்தும் சிலிக்கான் வரும். அதுவாகவும் இருக்கலாம் இல்லையா? அலுமினியமும் சேர்ந்து ஏறினால் அது பசை இல்லை என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவளே பாடம் எடுத்திருக்கிறாள். இருந்தாலும், "இருக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காகிதத்தை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள்.

அதன் பிறகு வந்த நாட்களில் அவளுக்கு ஒரு விநோதமான நிம்மதி. காலையில் சின்னவள் காரைக் கிளப்பும் சத்தம் கேட்டால் முன்பெல்லாம் பல்லைக் கடிப்பாள். இப்போது டீயை ஊதிக் குடித்துக்கொண்டே நிதானமாகக் கேட்டாள். மாமியார் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து கையசைத்தபோது, சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையசைத்தாள். போ, போ, நன்றாகப் போ. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உள்ளே ஒரு சிட்டிகை மண்.

"என்ன, இப்பல்லாம் சந்தோஷமா இருக்கே?" என்று கணவன் கேட்டான்.

"ஏன், இருக்கக்கூடாதா?"

இருபத்து மூன்று நாள் கழித்து, சின்னவள் கார் ஒன்பதாயிரத்தை நெருங்கியபோது, இரண்டாவது முறை ஆயில் எடுத்தாள். எவ்வளவு அரைத்திருக்கிறது என்று பார்க்கும் ஆசை. திரையில் எண்கள் வந்தன. சிலிக்கான் நூற்று முப்பத்தொன்று. இரும்பு நூற்றுப் பதினெட்டு. அச்செடுக்கும் இயந்திரத்திலிருந்து காகிதம் வெளியே வந்தபோது, வேறு எதையோ எடுக்க அங்கே நின்றிருந்த ஆய்வகத் தலைவர் அதையும் சேர்த்து எடுத்துவிட்டார்.

"யாரு வண்டி இது? 'சி'ன்னு இருக்கு?" என்றவர், இரண்டாவது பத்தியைப் பார்த்தார். அந்த இயந்திரம் போன முறை எண்களையும் தேதியோடு பக்கத்திலேயே அச்சடித்துத் தொலைக்கும். "போன தடவையே கோட்டைத் தாண்டியிருக்கே. அப்ப போன் பண்ணீங்களா?"

அவள் காகிதத்துக்குக் கை நீட்டினாள்.

"பிபிஎம், உங்களத்தான் கேக்கறேன். இருபத்து மூணு நாளா சொல்லலையா?"

"தெரிஞ்சவங்க வண்டிதான் சார்."

"தெரிஞ்சவங்கன்னா முன்னாடியே இல்ல சொல்லணும்?" என்று காகிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கணக்குப் புரியாதவர்போல் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

அவளுக்குக் காது மடல் கொதித்தது. சின்னவள்மேல் இரக்கம் வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். ஊர் பேர் தெரியாத லாரிக்காரனுக்கெல்லாம் அன்றன்றைக்கே போன் செய்தவள், பத்தொன்பது வருஷம் கட்டிக் காத்த பெயரை இவளுக்காகவா கெடுத்துக்கொள்வது என்றுதான் தோன்றியது. அதற்கும் சேர்த்துச் சின்னவள்மேல்தான் எரிச்சல் வந்தது.

அன்று சாயங்காலம் சின்னவள் காரிலிருந்து இறங்கும்போதே பிடித்துக்கொண்டாள்.

"உன் வண்டில ஏர் ஃபில்டர் சரியா மூடல. எஞ்சினுக்குள்ள மண்ணு போகுது. சனிக்கிழமை சர்வீஸுக்கு எடுத்துட்டுப் போலாம், நானும் வரேன். அதுவரைக்கும் வண்டிய எடுக்காதே."

"ஐயோ! எப்பக்கா தெரிஞ்சுது?"

"இப்பத்தான்."

சனிக்கிழமை சர்வீஸ் சென்டரில் அதே சூப்பர்வைசர் ஃபில்டர் பெட்டியின் மூடியைக் கழற்றினார். ரப்பர் விளிம்பு ஒரு மூலையில் மடிந்து சிக்கியிருந்தது. கம்பெனியில் பூட்டும்போதே நேர்ந்த தப்பு. அதற்கு அப்பால் குழாயின் உள்பக்கம் விரலால் தடவினார். செம்மண் ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஆயிரத்துல ஆயில் மாத்த வந்திருந்தீங்கன்னா அப்பவே மூடியத் திறந்து பாத்திருப்போம்" என்றார்.

சின்னவள் பெரியவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியவள் சுவரில் இருந்த டயர் விளம்பரத்தைப் படித்தாள்.

மேனேஜர் வந்தார். ரப்பரை மாற்றித் தருவதாகவும், ஆயிலை இலவசமாக மாற்றித் தருவதாகவும் சொன்னார். எஞ்சினுக்குள் தேய்மானம் இருக்கிறது என்று பெரியவள் சொன்னதற்கு, "இருக்கலாம் மேடம். ஆனா ஒரே ஒரு ரிப்போர்ட்ட வச்சு கம்பெனிக்கு எழுத முடியாது. வண்டி எந்த மண்ரோட்டுல போச்சோன்னு கேப்பாங்க. முன்னாடி எடுத்த ரிப்போர்ட் இருந்து, அதுக்கும் இதுக்கும் ஏறியிருக்குன்னு காட்டினா பேசலாம்" என்றார்.

அவள் கொண்டுவந்தது இரண்டாவது காகிதம், அதிலும் பழைய எண்கள் இருந்த பத்தியை வெட்டியெடுத்த நகல். முதல் காகிதம் கைப்பையின் உள்ஜிப்பில் மடித்துக் கிடந்தது. எதற்காக எடுத்துவந்தாள் என்று அவளுக்கே தெரியாது. இப்போது வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ரப்பர் மாறும், ஆயில் மாறும், சின்னவள் நன்றி சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வருவாள். பாதி தேய்ந்த எஞ்சின் அவள் தலையிலேயே நிற்கும். எண்பதாயிரத்தில் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. மனசுக்குள் ஓட்டிப் பார்த்த அத்தனை புகையும் நிஜமாகவே வரும்.

சின்னவள் மேனேஜரிடம், "அக்கா சொன்னா சரியாத்தான் சார் இருக்கும். அவங்க பேசினா எஞ்சினே பதில் சொல்லும்" என்று தன் பாணியில் சிரித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

பெரியவள் ஜிப்பைத் திறந்தாள். திறந்தபோதும் இவள்மேல் இருந்த கடுப்பு போகவில்லை.

"இந்தாங்க. இது முதல்ல எடுத்தது."

காகிதம் சின்னவள் கை வழியாகத்தான் மேனேஜருக்குப் போனது. போகிற வழியில் அவள் கண் தேதியில் ஒரு நொடி நின்றது. பிறகு எதுவுமே பார்க்காதவள்போல் நீட்டினாள்.

சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்தார்கள். இரண்டில் குறைவு. கம்பெனிக்கு எழுதினார்கள், கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்த்தார், கடைசியில் புது எஞ்சினே வைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத எஞ்சின். இந்தச் செய்தியைச் சின்னவள் படியில் குதித்துக் குதித்து இறங்கிவந்து சொன்னபோது பெரியவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை.

எஞ்சின் வந்துசேர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் சின்னவள் ஊர் ஊராகப் போக என்ன செய்வது?

"பெரியவ வண்டி சும்மாதானே நிக்குது, ஆபீஸ் மூணு கிலோமீட்டர்தானே" என்று மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பெரியவள் பஸ்ஸில் போனாள். ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது அவளுடைய கார் அவளைக் கடந்து போனது. ஓட்டியது சின்னவள். பக்கத்துச் சீட்டில் மாமியார், கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு. அந்தக் காரில் அவர் ஏறியது அதுதான் முதல்முறை. பெரியவள் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனாள். உட்கார்ந்தால் அழுதுவிடுவோம் என்று பயம்.

புது எஞ்சின் ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும், யாரும் சொல்லாமலேயே சின்னவள் போய் ஆயிலை மாற்றிக்கொண்டு, கழற்றியதில் ஒரு புட்டி பிடித்து, தேதியும் கிலோமீட்டரும் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். ஓட்டிப் பார்த்தபோது இரும்பு இருபத்தொன்று; அவள் வண்டிக்கு அறுபத்து நான்கு. பெரியவளுக்கு நம்பிக்கை வரவில்லை. இயந்திரத்தைக் கழுவிவிட்டு மறுபடி ஓட்டினாள். இருபதரை.

ரிப்போர்ட்டைக் கொடுக்க மாடிக்குப் போனாள். சின்னவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"சர்வீஸ்காரங்க அந்த முதல் ரிப்போர்ட் தேதிய கேட்டாங்கக்கா. ஏன் உடனே வரலன்னு. நான் வெளியூர்ல இருந்தேன், என்னாலதான் லேட்டுன்னு சொல்லிட்டேன்."

பெரியவள் வாசலிலேயே நின்றாள். "தேதிய பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப ஏன் எங்கிட்ட கேக்கல?"

"கேட்டா நீங்க உண்மையச் சொல்லிடுவீங்க. அப்புறம் தினமும் மாடிப்படில எப்படிக்கா மூஞ்சி பாத்துக்கறது?" என்று ஒரு சட்டையை உதறி மடித்தாள். "அதான் கடைசில கொடுத்துட்டீங்களே. உக்காருங்க, டீ போடறேன்."

அந்த டீயைப் பெரியவள் குடித்தாள். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று இரண்டு தரம் வாயெடுத்தாள், வரவில்லை. இப்படி ஒன்றைச் செய்யத் தனக்கு ஒரு ஜென்மத்துக்கும் வராதே, இவளுக்கு மட்டும் எப்படி இவ்வளவு சுலபமாக வருகிறது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அதெல்லாம் நடந்து இரண்டு வருஷமாகிறது. சின்னவள் கார் எழுபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. இரண்டு கார்களுக்கும் ஆயில் எப்போது மாற்றுவது என்று பெரியவள்தான் சொல்கிறாள். சின்னவளுக்குச் சரியான தேதியைத்தான் சொல்கிறாள், ஒரு நாள் முன்பின் இல்லாமல்.

போன வாரம் சின்னவளுக்குப் பதவி உயர்வு வந்தது. ஆபீஸிலேயே கார் கொடுக்கப்போகிறார்கள் என்று கொழுந்தன் சாப்பாட்டு வேளையில் வந்து சொன்னான். பெரியவள் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினாள்.

"என்னாச்சு?" என்று கணவன் கேட்டான்.

"ஒண்ணுமில்ல. பசிக்கல."